உன் கம்பத்துக்கும் கணியம் உண்டு

முட்டம்

அன்புள்ள மக்களே,

அண்டார்டிகாவில் பனி நகர்வதை ஜிபிஎஸ் வைத்து அளப்பதைப் பற்றி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி படகிலிருந்த ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவந்து மொட்டைமாடித் தொட்டிமேல் வைத்தேன். உப்பு ஏறாமலிருக்கச் சுற்றிய பிளாஸ்டிக் கவரோடு ஒரு மணி நேரம் இருந்தது. தொட்டி நகரவில்லை, கடைசி இலக்கம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. மீன் கூடும் கடலடிப் பாறையான பார் தேடிப் போகிற எங்களுக்கு நாலைந்து மீட்டர் பெரிதில்லை. உனக்குச் சென்டிமீட்டர் அல்லவா வேண்டும்!

அங்கே நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையத்துப் பாறையில் ஒரு கருவி, கடல்மேல் மிதக்கும் பனித்தட்டில் நட்ட கம்பத்தில் இன்னொன்று என்றாயே, அது அப்போதுதான் பிடிபட்டது. இரண்டும் அதே செயற்கைக்கோள்களைப் பார்க்கின்றன, இரண்டிலும் வரும் பிழையில் பெரும்பகுதி ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பனி நகர்ந்த தூரம் மிஞ்சும். இது கடலில் இடம் குறிக்கும் நம் கணியம்தான் மக்களே. உன் தாத்தா கரையில் கோயில் கோபுரத்தையும் பின்னாலிருக்கும் மலை உச்சியையும் ஒரே கோட்டில் பிடிப்பார். பக்கவாட்டில் ஒரு தென்னையையும் வேறொரு மலையையும் பிடிப்பார். இரண்டு கோடும் சேருமிடத்தில் நங்கூரம் போட்டால் அடியில் பார் இருக்கும்.

இங்கே பார் அசையாது. அங்கே ஆமெரி பனித்தட்டின் முனை ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடலை நோக்கிப் போகிறது. இன்று நட்ட கம்பம் நாளைக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்கும். அடியில் கடல் ஏறி வற்றும்போது பனியும் கூடவே ஏறி இறங்கும். 2019 செப்டம்பரில் அங்கிருந்து உடைந்த பனிப்பாறை 1,600 சதுர கிலோமீட்டர் என்றாய். நம் குமரி மாவட்டமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை ஒரே துண்டாக மிதந்து போவதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏற்கெனவே மிதக்கிற பனி உடைவதால் கடல்மட்டம் அவ்வளவாக உயராது, ஆனால் தரையிலிருந்து வழிந்து வரும் பனிக்கு அதுதான் முட்டு என்றும் சொன்னாய். அலையைத் தடுக்கும் கல் தடுப்பான தூண்டில் வளைவு இல்லாத கரையில் வீடுகள் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். நீ எடுக்கிற ஒவ்வொரு எண்ணும் இந்தக் கரைக்கு வேண்டும்.

சரி, பனித்தட்டில் இருக்கும் வெடிப்பு மேல் பனி மூடிக் கிடக்குமாமே, கயிறு கட்டாமல் ஓரடி வைக்காதே. அம்மா நெத்திலி உலர்த்தி வைத்திருக்கிறாள்.

கம்பம் நட்ட இடத்தின் எண்ணை அனுப்பு. பார்களுக்குப் பக்கத்தில் உன் பெயரில் ஜிபிஎஸ்ஸில் போட்டு வைக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி அனுப்பு, மாற்றிப் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா