அந்த ‘ஷே பா’ புது வார்த்தை இல்லை

புதுச்சேரி

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஆறு வருஷம் பிரெஞ்சு படித்தும், லியோனில் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் பேசியது ஒன்றுமே விளங்கவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாயே. அவள் வாய்க்கு வாய் சொன்ன ‘ஷே பா’ வேறொன்றுமில்லை; நீ இங்கே நெட்டுருப் போட்ட ‘ஜெ நெ சே பா’, தெரியாது என்பதுதான். பேச்சில் முதலில் ‘நெ’ காணாமல் போகும். அப்புறம் ‘ஜெ’யில் உள்ள எகரம் விழுந்து, மிஞ்சிய ‘ஜ்’ அடுத்த ‘ஸ்’ஸோடு ஒட்டி ‘ஷ்’ ஆகிவிடும். ‘நான் இருக்கிறேன்’ என்னும் ‘ஜெ ஸ்வி’, ‘ஷ்வி’ ஆவதும் இப்படித்தான். ‘இல்லை’ என்னும் ‘இல் நியா பா’ வெறும் ‘யா பா’. நாம் மட்டும் என்ன, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றா சொல்கிறோம்? ‘வந்துட்ருக்கேன்’ என்பதை ஒரு வெள்ளைக்காரர் எந்த அகராதியில் போய்த் தேடுவார்?

‘ப்ளு’ வரும் இடத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொள். பாரிஸில் நான் முதலில் சேர்ந்தது ஒரு ஓட்டல் சமையலறையில். முதல் வாரம், தலைமைச் சமையல்காரர் ‘யா ப்ளு தொஞோன்’ என்று கத்தினார். ‘ப்ளு’ என்றால் ‘அதிகம்’ என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்; வெங்காயம் நிறைய இருக்கிறது என்கிறார் என்று நிம்மதியாகப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் தீர்ந்துபோச்சு, எடுத்து வா என்பது அதற்கு அர்த்தமாம். அன்று வாங்கிய திட்டில் பாதி புரியாதது என் அதிர்ஷ்டம். கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான் பிறகு விளக்கினார்: எழுத்தில் இரண்டும் ஒன்று. ‘இல்லை’ என்று காட்டும் ‘நெ’யைப் பேச்சில் விழுங்கிவிடுவதால், கடைசி ‘ஸ்’ கேட்காவிட்டால் தீர்ந்தது, ‘ப்ளுஸ்’ என்று கேட்டால் கூடுதல். ‘ப்ளு க்ரான்’ என்பதில் ‘ஸ்’ கேட்காமலே ‘இன்னும் பெரிய’ என்று வரும், அது வேறு கணக்கு.

ரெஸ்தோரான் ‘ரெஸ்தோ’ ஆவதும், கம்ப்யூட்டரான ஓர்தினாத்தர் ‘ஓர்தி’ ஆவதும் உனக்குத் தானாகப் பழகிவிடும். நீ தினமும் ஏறும் மெட்ரோவே ‘மெத்ரோபோலித்தேன்’ என்பதன் வால் அறுந்த மிச்சம்தானே.

அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது அந்தப் பெண்ணையும் இரண்டு வார்த்தை பேசச் சொல். நான் அங்கிருந்து வந்து இருபது வருஷம் ஆயிற்று, என் காது இன்னும் பிடிக்கிறதா என்று பார்க்கிறேன்.

அப்பா