நீரும் கணக்கிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெற்றிடக் குழாய், திரான்சிஸ்டர், ஒருங்கிணைந்த சுற்று என்ற ஒரே வரிசையிலேயே கணினியின் வரலாற்றை நம் மாணவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். மின்னணுவியல் இன்றியும் கணிக்கலாம் என்பதை உயர்தர வகுப்பினரிற் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

1936இல் சோவியத் பொறியியலாளர் விளாதிமிர் லுக்கியானோவ் அமைத்த பொறியில், கொங்கிறீற்றில் வெடிப்பை உண்டாக்கும் வெப்பப் பரவலுக்கான சமன்பாடுகளுக்குக் குழாய்களின் நீர்மட்டமே விடையாயிற்று. 1949இல் பொருளியலாளர் பில் பிலிப்ஸ் இலண்டனில் காட்சிப்படுத்திய பொறியிலோ நிறமூட்டிய நீர் தேசிய வருமானமாக ஓட, வரிக்கும் சேமிப்புக்கும் தனித்தனிக் கிளைகள் பிரிந்தன. பொருளியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல கற்பித்தற் சாதனம் கிடைக்காது. 1994இல் கணினி விஞ்ஞானி லெனார்ட் ஏடில்மன், மரபுத் தகவலைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூறுகளால், ஏழு புள்ளிகளையும் தலா ஒருமுறை மட்டுமே தொட்டுச் செல்லும் வழியொன்றைக் கண்டறிந்தார், ஆனால் அதற்கு ஏழு நாள் ஆய்வுகூட வேலை தேவைப்பட்டது.

இவை கைக்கெட்டாதவை அல்ல. அடிப்பக்கத்தில் மெல்லிய சேலைன் குழாயால் இணைத்த இரு போத்தல்களின் நீர்மட்ட வேறுபாடு, கோப்பையிலுள்ள தேநீர் ஆறும் விதியை ஏறத்தாழ ஒத்தே குறைகிறது. குழாயிலுள்ள சிறு உருளையை நெருக்கினால் ஆறும் வேகமும் மாறும். மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளின் விஞ்ஞானக் கண்காட்சிகளில் இத்தகைய மாதிரிகளுக்கும் இடமளிக்குமாறு கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.