விக்கி அமைப்பது குறித்து

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கோயில் கல்வெட்டுக் குறிப்புகளை நோட்டுகளிலிருந்து எடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து திருத்தக்கூடிய இணையப் பக்கங்களான ஒரு விக்கியில் வைக்கப்போகிறீர்கள் என்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. எங்கள் மரபு நெல் விக்கியை அமைத்த விதம் உங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது ஆண்ட்ரியாஸ் கோர் 2004இல் உருவாக்கிய டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிக்குத் தரவுத்தளம் வேண்டும். டோக்குவிக்கிக்கு அது வேண்டியதில்லை, பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடும் பழைய கணினி ஒன்று போதும். ஒவ்வொரு பக்கமும் பேஜஸ் என்ற கோப்புறையில் தனி உரைக்கோப்பாக இருக்கிறது. பழைய திருத்தங்கள் ஆட்டிக் என்ற கோப்புறையில் சேர்கின்றன. நாளைக்கே இந்த மென்பொருள் வழக்கொழிந்தாலும் நம் குறிப்புகளை நோட்பேடில் திறந்து படிக்கலாம் என்பதற்காகவே இதைத் தேர்ந்தோம்.

பக்கம் எழுதத் தொடங்கும் முன்பே ஒன்றைச் செய்துவிடுங்கள். இயல்பான அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும், அதாவது எழுத்தும் துணைக்குறியும் தனித்தனியே, கோப்பின் பெயரில் 9 இடங்களை எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயரின் எல்லையோ பெரும்பாலும் 255 பைட். ‘மாப்பிள்ளைச் சம்பா’ அதற்குள் அடங்கிவிடும். ‘மாப்பிள்ளைச் சம்பா விதைநேர்த்தி’ அடங்காது. கோப்புப்பெயர்க் குறியாக்கத்தை, அதாவது பெயரைப் பதியும் முறையை, அமைப்புகளில் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் ஒரு குறிக்கு 3 பைட்தான் செலவாகும். பக்கங்கள் சேர்ந்த பிறகு இதை மாற்றினால் பழைய தமிழ்ப் பெயர்களை விக்கியால் கண்டுபிடிக்க முடியாது.

விக்கிக்குக் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களை நிர்வாகப் பக்கத்திலிருந்தே நிறுவலாம். செருகுநிரலை நீக்கிய பின்னும் பக்கம் படிக்கும்படி இருக்குமா என்று பார்த்தே நான் ஒவ்வொன்றையும் ஏற்கிறேன். விவரங்களை அட்டவணையாக்கும் ஸ்ட்ரக்ட் என்ற செருகுநிரல் வசதி மிக்கது, ஆனால் அது மதிப்புகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைக்கிறது. டேட்டா என்ற பழைய செருகுநிரல் நெல்லின் வயது, பட்டம், வைக்கோல் உயரம் எல்லாவற்றையும் பக்க உரையிலேயே வைத்துக்கொண்டு, எஸ்கியூலைட்டைத் தேடவும் அட்டவணை போடவும் மட்டுமே நாடுகிறது. ஆகவே அதையே வைத்துக்கொண்டோம். பக்கத்தின் பெயரை மாற்றும்போது இணைப்புகளையும் சேர்த்துத் திருத்தும் மூவ் என்ற செருகுநிரல் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

கல்வெட்டில் சிதைந்த எழுத்துகளைத் தனி நிறத்தில் காட்டச் சொந்தமாகவே ஒரு சிறு செருகுநிரல் எழுதிவிடலாம். ஒரே பிஎச்பி கோப்பு: எந்தக் குறியைத் தேடுவது என்று ஒரு பகுதி சொல்லும், அடுத்தது அதைப் பிரித்தெடுக்கும், மூன்றாவது திரையில் காட்டும். எழுதி முடித்தும் மாற்றம் தெரியவில்லையென்றால் விக்கி வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தேக்ககத்தில் (கேஷ்) பழைய பக்கம் நின்றிருக்கும். அதைக் காலி செய்து பாருங்கள்.

நிறுவி முடிந்ததும் இன்ஸ்டால் கோப்பை அழித்துவிடுங்கள். என்ஜின்எக்ஸ் சர்வரானால் பக்கங்கள் இருக்கும் டேட்டா, அமைப்புகள் இருக்கும் கான்ஃப் ஆகிய கோப்புறைகளை வெளியார் திறக்க முடியாதபடி விதியை நீங்களே எழுத வேண்டும். அப்பாச்சி சர்வருக்கு அந்த விதிகள் கூடவே வருகின்றன. அந்த இரண்டு கோப்புறைகளையும் இரவுதோறும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்தால் குறிப்புகளின் காப்புக்குப் போதும். சொந்தமாக எழுதிய செருகுநிரல் அவற்றுக்கு வெளியே இருப்பதால் அதையும் தனியே படியெடுங்கள்.

ஒரு கல்வெட்டின் குறிப்பை உங்கள் நோட்டில் உள்ளபடியே அனுப்புங்கள். மாதிரிப் பக்கமும் அந்தச் செருகுநிரலும் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்