மூச்சு விஷயத்தில் கூச்சப்படாதே

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சியாச்சின் போகிற லிஸ்டில் உன் பேர் வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. லேயில் இறங்கிய மூன்றாம் நாளே நுரையீரலில் நீர் கோத்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அது 11,500 அடிதான். மேலே போகிறவர்களை 9,000, 12,000, 15,000 அடி என்று மூன்று கட்டமாக 14 நாள் பழக்கித்தான் ஏற்றுவார்கள். ஆனால் ஒருமுறை ஹேப்போ, அதுதான் உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கிற அந்த நோய், வந்தவனுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

"வாயைத் திறந்தால் பயந்தாங்கொள்ளி என்பார்கள்" என்கிறாய். வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் இருக்கிற கம்மவான்பேட்டையில் பிறந்தவனுக்கு அந்தக் கூச்சம் வரும், எனக்குத் தெரியும். நான் மேலே இருந்தபோது எங்கள் செக்‌ஷனில் ஒரு பையன் இப்படித்தான் இரண்டு நாள் இருமலை மறைத்தான். மூன்றாம் ராத்திரி பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவன் நெஞ்சுக்குள்ளிருந்து உலை கொதிக்கிற மாதிரி களகளவென்று சத்தம் கேட்டது. டார்ச் அடித்தால் உதட்டோரம் ரோஸ் நிறத்தில் நுரை. விடியும்வரை ஹெலிகாப்டர் வராது. ஸ்ட்ரெச்சரில் வைத்து இருட்டிலேயே ஆறு பேர் இறக்கினோம். பையன் பிழைத்தான். தூக்கியவர்களில் ஒருவருக்குப் பனிக்கடியில் இரண்டு கால்விரல் போயிற்று. உன் மூச்சு உன்னோடு மட்டும் முடிகிற விஷயமில்லைடா.

நாளைக்கே யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போய் டாக்டரைப் பார். பழைய யூனிட்டிலிருந்து உன் மருத்துவத் தகுதியைச் சொல்கிற கேட்டகரி பேப்பர் வந்து சேராதது உன் தப்பில்லை. மறுபடி மெடிக்கல் போர்டு வைக்கச் சொல்லி எழுத்தில் கேள். ஷேப் என்று பட்டாளத்தில் போடுகிற மருத்துவத் தகுதி மதிப்பீட்டில் 'பி' என்பது உடல்திறன். அதில் முழுத் தகுதியான ஒன்றுக்குப் பதில் இரண்டோ மூன்றோ விழுந்தால், உன்னை எந்த வேலைக்கு, எந்த உயரத்துக்கு அனுப்பக்கூடாது என்பதையும் போர்டே எழுதிவிடும். அப்புறம் கம்பெனி சுபேதார் மூலமாக யூனிட் தலைவரான சி.ஓ.வைப் பார்க்க இன்டர்வியூ கேள். அங்கேயும் ஆகவில்லையென்றால் 1950 ஆர்மி சட்டத்தின் 26-ஆம் பிரிவில் புகார் எழுதலாம்.

மாமா, "சென்னையிலேயே ராணுவ வழக்குகளுக்கான டிரிப்யூனல் இருக்கே, கேஸ் போடு" என்கிறார். இடமாற்றமும் போஸ்டிங்கும் அதன் வரம்பில் வராது என்று அந்த டிரிப்யூனலை அமைத்த 2007 சட்டமே சொல்கிறது. அதனால் "போகமாட்டேன்" என்று எங்கேயும் பேசாதே. "என் கேட்டகரியைச் சரிபாருங்கள் சார்" என்று மட்டும் கேள். முடிவு வரும்வரை வரிசையில் நிற்கிற ஒரு ஃபால்-இன்கூடத் தவறாதே.

உன் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் பேப்பர் என் தகரப் பெட்டியில்தான் இருந்தது. மூன்று ஜெராக்ஸ் எடுத்து இதோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். ஒரிஜினல் என்னிடமே இருக்கட்டும். டாக்டரைப் பார்த்ததும் போன் பண்ணு, எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அப்பா