கிளப் ஹவுஸும் தண்ணீர் லாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார வீடு-மனை இணைப்பில் பழைய மகாபலிபுரம் சாலைச் சொகுசு அடுக்ககங்களைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். நீச்சல் குளம், ஜிம், மினி தியேட்டர், யோகா மேடை, நாய்களுக்குத் தனிப் பூங்கா என்று ஒன்றையும் விடவில்லை. அப்படியொரு அடுக்ககத்தில்தான் நான்கு வருடமாக மகன் வீட்டில் இருக்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள அத்தனையும் இங்கேயும் உண்டு. சொன்னதைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதில் பொய் கிடையாது. சொல்லாமல் விட்டதைத்தான் எழுத வந்தேன்.

மினி தியேட்டரில் இருபது சாய்வு நாற்காலிகள். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்காகத் திறந்தபோது பாதி நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. அந்த அறை ஏசிக்கு வருடாந்திர சர்வீஸ் மட்டும் தவறாமல் நடக்கிறது.

பணம் யாருடையது? எங்கள் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு ஐந்தரை ரூபாய். அந்தச் சதுர அடி, பாய் விரித்துப் படுக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட், வராந்தா, கிளப் ஹவுஸ் பங்கு எல்லாம் சேர்த்து 1,450. வீட்டுக்குள் நாம் புழங்குகிற இடத்தை, அதாவது கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது 2016 ரியல் எஸ்டேட் சட்டம். பராமரிப்பு பில்லுக்கு இன்னும் பழைய கணக்குதான். ஆக மாதம் 7,975 ரூபாய். 7,500-ஐத் தாண்டுவதால் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019-இல் மத்திய அரசின் சுற்றறிக்கை வந்தது. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. முதல் கணக்கில் 1,435 ரூபாய் சொச்சம், அடுத்ததில் 85 ரூபாய் சொச்சம். இதை வைத்தே எங்கள் சங்கக் கூட்டத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நீச்சல் குளத்தைக் குறை சொல்ல மாட்டேன். பேரன் அங்கேதான் நீந்தப் பழகினான். ஆனால் ஏப்ரல் பிறந்தால் விடிகாலை ஐந்து மணிக்கே 12,000 லிட்டர் லாரிகள் வாசலில் வரிசை கட்டும். அவை ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்தான் எனக்கு அலாரம். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் குழாய் இன்னும் வரவில்லை. லாரிக் காசு பராமரிப்புக்கு மேலே தனி. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல், ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஐடி கம்பெனிகள் இருந்தது இதே சாலையில்தான். உங்கள் இரண்டு பக்கத்தில் தண்ணீர் என்ற சொல் நீச்சல் குளத்தோடு நின்றுவிட்டது.

இன்னொன்று, என் மனைவியின் புகார். வடாம் பிழிந்தால் காயவைக்க இடமில்லை. மொட்டைமாடி 'ஸ்கை லவுஞ்ச்' ஆகிவிட்டது. பால்கனியில் பழைய வேட்டியை விரித்தாலோ, முகப்பின் அழகு கெடுகிறதென்று பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி வருகிறது.

வசதிப் பட்டியலுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் போடுங்களேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பராமரிப்பு மாதம் எவ்வளவு, அது எந்தச் சதுர அடிக்கு. விளம்பரம் தருகிறவர்கள் முகம் சுளிக்கலாம். கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த இதழில் பெரும்பாக்கம் பகுதி என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலேயே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மூத்த வாசகர்,
நாவலூர்