வம்பை ஒதுக்கினால் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிடிக்காதவர்களைக் கைப்பேசியில் பிளாக் செய்வது கருத்துரிமைக்கு நல்லதல்ல என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். எதிர்க்கருத்து வேறு, வம்பு வேறு.

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் 2024 மே மாதம் தொடங்கிய, வெளியூர் வண்டிகள் மலைக்கு வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் 2025-இல் வரம்பு வைத்ததும் சூடு இன்னும் ஏறியது. நான் இ-பாஸ் வேண்டும் என்கிற கட்சி. காட்டேஜ் நடத்தும் ஒருவர் அடியோடு கூடாது என்கிறார். சீசன் வருமானத்தில்தான் வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறாராம். ரத்தான புக்கிங்குகளைப் படம்பிடித்தே போட்டார். நான் மாறவில்லை. ஆனால் அவர் எழுதினால் ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

இன்னொருவர் இருக்கிறார். பச்சைத் தேயிலை விலை, யானை வழித்தடம், தெருவுக்கு வந்த கரடி, எதைப் பேசினாலும் ‘நீ எப்போ மலையேறி வந்தவன், என்ன ஆளு?’ என்று இறங்கிவிடுவார். நாலு பேர் கொதித்ததும் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கொளுத்திப் போட்டு வேடிக்கை பார்ப்பவரிடம் என்ன விவாதம் செய்வது?

மழைக்காலத்தில்தான் இது உறைக்கும். மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்த ஒரு ராத்திரி, ‘இந்தப் பக்கம் வராதீங்க, குன்னூர் வழியா போங்க’ என்று ஒரு டிரைவர் குரல்பதிவு போட்டிருக்கிறார். அதன்மேல் சரமாரியாக வசவு. விடியற்காலையில் டயாலிசிஸுக்குக் கோவை கிளம்ப இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணில் அது படவேயில்லை. பாதி வழி போய்த் திரும்பினார்கள்.

ஃபேஸ்புக்கில் பிளாக் செய்தால் ஆள் கண்ணில் படமாட்டார். வாட்ஸ்அப்பில் அது நடக்காது. பிளாக் செய்தாலும் பொதுவான குரூப்பில் அவர் எழுதுவது வந்துகொண்டேயிருக்கும். அட்மின்தான் அழிக்க வேண்டும். எங்கள் அட்மினோ ‘நமக்கேன் பொல்லாப்பு’ என்கிறார்.

கடைசியில் சாலை, மழைச் செய்திக்கென்று தனி குரூப் தொடங்கிவிட்டோம். டிரைவர்கள் சிலரை அட்மினாக்கி, அவர்கள் மட்டும் எழுதும்படி வைத்திருக்கிறோம். வம்புக்காரரைப் பழைய குரூப்பிலிருந்து யாரும் நீக்கவில்லை. அங்கே அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். பதில் சொல்லத்தான் ஆள் குறைந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.