அறிவியல் வட்டத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடைக்கால ஒன்றுகூடல், சிறுவர் வினாடிவினா ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின.

இவ்வாண்டு மூன்று கூட்டங்களை ஒரே மசோதாவுக்கு ஒதுக்கியது ஏன் என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால், அதற்கு இங்கே விளக்கமளிப்பது என் கடமை. 1901இல் தொடங்கப்பட்டு, இன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நம் கெய்தர்ஸ்பர்க்கில் தலைமையகம் கொண்டு, அளவைகளுக்குப் பொதுத் தரம் வகுக்க உதவும் நிஸ்ட் எனும் தேசியத் தரநிர்ணய நிறுவனத்துக்குத் துணையாக, தனியார் நன்கொடையைப் பெற்று ஆய்வுக்குச் செலவிடக்கூடிய இலாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்றை நிறுவுவதற்கான மசோதா 2024இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முன்வைக்கப்பட்டது. இது புதுமையான ஏற்பாடன்று. பக்கத்து பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு 1990இலும், எரிசக்தித் துறைக்கு 2022இலும் இத்தகைய அறக்கட்டளைகளுக்குச் சட்டம் வழிசெய்துள்ளது. நிஸ்ட் வளாகத்து வேலியோரமாக நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்ற கேள்வியை என்னால் ஏற்க இயலவில்லை.

முதல் கூட்டத்தில் 1904 பிப்ரவரி பால்டிமோர் தீயைப் பற்றிப் பேசினேன். வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தும், அவர்களுடைய குழாய்களின் இணைப்பு மரை பால்டிமோர் நீர்க்குழாய்களில் பொருந்தாததால் பலர் கைகட்டி நிற்க நேர்ந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இதைக் கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர்.

இரண்டாம் கூட்டத்துக்கு இரு உறுப்பினர்கள் தத்தம் பாட்டி வீட்டுப் பித்தளைப் படிகளைக் கொண்டுவந்தனர். ஒன்றில் தலைதட்டி அளந்த அரிசியை மற்றதில் கொட்டியபோது ஒரு கைப்பிடி மிஞ்சி மேசையில் சிதறியது. இரண்டும் படிதான், ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம், மற்றது சேலம். தரநிர்ணயம் என்றால் என்னவென்று என் உரையைவிட அந்த அரிசி நன்றாகவே விளக்கியது.

மூன்றாம் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர், தராசைப் பிடிப்பவனுக்கு வியாபாரியே படியளந்தால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நன்கொடையாளர் விவரம் வெளியிடப்பட வேண்டும், ஆய்வு முடிவில் அவர்கள் கை நுழையக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் ஆதரவுக் கடிதம் எழுதத் தீர்மானித்தோம். கடிதத்தில் கையொப்பமிட்டவர்கள் ஐவர். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் முப்பத்தொருவர். நான்காம் முறை நினைவூட்டுவதற்குள் 118ஆவது காங்கிரஸின் பதவிக்காலம் 2025 ஜனவரி 3இல் முடிந்து, நிறைவேறாத பிற மசோதாக்களோடு இதுவும் காலாவதியானது. நம் கையொப்பங்கள் அதைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை.

வரவு செலவை எங்கள் பொருளாளர் விரிவாகச் சமர்ப்பிப்பார். பற்றாக்குறை பெரிதன்று. அரங்க வாடகையின் ஒரு பகுதியைச் செயலாளர் தம் கையிலிருந்து செலுத்தியதை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. உறுப்பினர் நாற்பத்து மூவரில் சந்தா செலுத்தியவர்கள் பதினேழு பேர் என்பதை மட்டும் குறிப்பிட வேண்டியுள்ளது.

அரங்கம் தந்தவர்களுக்கும், சிற்றுண்டி சமைத்த சகோதரிகளுக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி.

மசோதா புதிய காங்கிரஸில் மீண்டும் வரக்கூடும் என்பதால் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கவும் தயார். சந்தாப் படிவங்கள் வாசலில், வடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளன.

இவண்,
செயலாளர்